உறைப்புரதமும் அதன் உருவமும்

நோய் விளைக்கும் வைரஸை அணுகாது, அதன் புறவுறையில் அமைந்த புரதத்தை மட்டும் வேறோர் உயிரணுவின்கண் ஆக்கிப் பெறுதல் இக்கால விஞ்ஞானத்தின் அருஞ்செயல்களுள் ஒன்று. அங்ஙனம் பெறுவதனை மறுசேர்க்கைப் புரதம் என்பர். இது விஞ்ஞான மாணவர்க்கே உரிய பொருளன்று. தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் இதன்கண் ஆராய்தற்குரியதொன்று உளது. எழுத்தெல்லாம் பிழையின்றி அமைந்த ஒரு பொருள், உருவம் திரிந்தமையாற் பயன்படாது போனதும், அவ்வுருவை நிலைநிறுத்த அறிஞர் பல்லாண்டு உழைத்ததுமே அது. எயிட்ஸ் நோயை விளைக்கும் எச்.ஐ.வி. வைரஸின் உறைப்புரதத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஆக்கும் முறையைக் காண்போம். வைரஸின் மரபுச் செய்தியில் உறைப்புரதத்திற்குரிய பகுதியை மட்டும் படியெடுத்து, பிளாஸ்மிட் என்னும் வளைய வடிவான டி.என்.ஏ.யிற் பொருத்தி, உயிரணுவினுட் செலுத்துவர். அவ்வுயிரணு அதனைத் தன் செய்தியாகவே கொண்டு புரதத்தை ஆக்கும். மரபு மொழியிலும் ஒரு பொருட்குப் பல சொற்கள் உள. பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களாற் குறிக்கப்பெறுகின்றன. வைரஸ் கையாளுஞ் சொற்களுட் பல மனித உயிரணுவில் அருகியே வழங்குவன. ஆதலின் பொருள் மாறாது, பயின்று வழங்குஞ் சொற்களைப் பெய்து மரபணுவைப் புதிதாக எழுதின் புரதம் மிகுதியாகக் கிடைக்கும். எச்.ஐ.வி. உறைப்புரதத்தில் இவ்வுண்மை 1996-ல் மெய்ப்பிக்கப்பெற்றது. வைரஸின் முழு மரபுச் செய்தியும் இன்மையின், இங்ஙனம் ஆக்கிய புரதம் பெருகவோ நோய் தரவோ மாட்டாது.

ஹெபடைட்டிஸ் பி வைரஸின் திறத்தில் இம்முறை பெருவெற்றி கண்டது. அதன் உறைப்புரதம் ஈஸ்ட் உயிரணுக்களில் ஆக்கப்பெற்று, நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, 1986-ல் தடுப்பூசியாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டிலேதான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று உண்மையை முதன்முதல் வெளிப்படுத்தினர். இதற்கும் அவ்வழியே மருந்து அமையும் என்று பலர் எதிர்நோக்கினர். அஃது அத்துணை எளிதாக அமையவில்லை.

என்னை? எச்.ஐ.வி.யின் உறைப்புரதம் முதலில் ஜீபி 160 என்னும் ஒரு நெடுந்தொடராகத் தோன்றும். உயிரணுவிலுள்ள பியூரின் என்னும் நொதி அதனை ஜீபி 120, ஜீபி 41 என இரண்டாக வெட்டும். இவ்விரண்டும் உறுதியான பிணைப்பின்றி ஒட்டி நிற்கும். அத்தகைய இணைகள் மூன்று கூடியதே வைரஸின்மேற் காணப்படும் ஒரு முள். ஜீபி 120 நம் உயிரணுவின் சிடி4 என்னும் புரதத்தைப் பற்றும். அதன்பின் ஜீபி 41 நீண்டு உயிரணுச் சவ்விற் பாய்ந்து வைரஸை உட்புகுவிக்கும். ஜீபி 120-ன் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைத் தொடர்களே. அச்சர்க்கரைப் போர்வையைப் பாலூட்டி இனத்துக்கு உரியவாறே அமைத்தற்பொருட்டு, சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் சூலக உயிரணுக்களிலும், மனிதச் சிறுநீரக வழிவந்த உயிரணுக்களிலும் இதனை ஆக்குவர்.

சவ்வினின்று பிரித்தவுடன் முள் சிதைந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் அறிஞர் ஜீபி 120-ஐத் தனியாகவே ஆக்கித் தடுப்பூசியாக அமைத்தனர். வட அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் 5,000-க்கு மேற்பட்டோரிடத்தும், தாய்லாந்தில் ஏறத்தாழ 2,500 பேரிடத்தும் அது சோதிக்கப்பெற்றது. 2003-ல் முடிவு வெளிவந்தபோது, ஊசி பெற்றோரும் பெறாதோரும் ஏறக்குறைய ஒரே அளவில் தொற்றுற்றமை தெரிந்தது. வைரஸ் ஓயாது திரிபடைவது ஒரு காரணம். மற்றொன்று உருவம் பற்றியது: முள்ளில் மறைந்துகிடக்கும் பக்கங்கள் தனித்த புரதத்தில் வெளிப்பட்டுத் தோன்ற, உடல் அவற்றையே பகையெனக் கொண்டு எதிர்ப்பொருள்களை ஆக்கிற்று. உண்மைப் பகையின் முகம் அதற்குக் காட்டப்படவேயில்லை.

இக்குறையை நீக்க முனைந்தோருள் ஜான் மூர், ராகியர் சாண்டர்ஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 501-ஆம், 605-ஆம் இடங்களிற் சிஸ்டீனை அமைத்துக் கந்தகப் பிணைப்பால் இரு பகுதிகளையும் கட்டினர். 559-ஆம் இடத்தில் வளையாத இயல்பினதாகிய புரோலீனை வைத்து ஜீபி 41 நீளுதலைத் தடுத்தனர். இங்ஙனம் அமைந்ததே சோசிப் என்னும் மும்மைப் புரதம். கென்யாவில் ஒரு குழந்தையிடம் பெற்ற பிஜி505 என்னும் வைரஸ் வகையிலிருந்து ஆக்கிய சோசிப்பின் நுண்ணுருவம் 2013-ல் புலனாயிற்று.

இத்தகைய புரதங்கள் ஆய்வுக்கூடத்தில் தூண்டிலிரையும் ஆகும். தக்கவாறு திருத்திய ஜீபி 120-ஐக் கொண்டே, பல்வகை எச்.ஐ.வி.யையும் முடக்கவல்ல வி.ஆர்.சி.01 என்னும் எதிர்ப்பொருள் ஒரு நோயாளியின் குருதியினின்று 2010-ல் பிரித்தெடுக்கப்பெற்றது. அன்றியும், புரோலீனால் உருவை நிறுத்தும் உத்தி 2020-ல் கொரோனா வைரஸின் முட்புரதத்திற்கும் உதவிற்று. அதன் 1,273 அமினோ அமிலங்களுள் 986, 987 ஆகிய ஈரிடங்களை மாற்றிய வடிவமே உலகிற் பல கோடி மக்கள் பெற்ற தடுப்பூசிகளுள் இடம்பெற்றது.

ஆயின் எச்.ஐ.வி.க்கு இன்றுகாறும் தடுப்பூசி அமையவில்லை. 2015-ல் சோசிப் பெற்ற முயல்கள் பிஜி505-ஐ முடக்கும் எதிர்ப்பொருள்களை ஆக்கின. எளிதில் முடக்கலாகாத பிற வகைகளை அவை வெல்லவில்லை. ஒரு முகத்தை அறிவித்தல் கைகூடிற்று. திரிந்துகொண்டேயிருக்கும் பன்முகங்களை அறிவித்தலே எஞ்சியுள்ள பணி. ஓரிடத்து ஓரமிலத்தை மாற்றி, அதன் விளைவை ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்து ஆயும் இத்துறையில் நம் கல்லூரி மாணவருட் சிலரேனும் புகுவாராயின், அது நாட்டிற்குச் செய்யும் நற்றொண்டாகும்.