களப்பயணம்: காரையில் ஒரு பழங்கடல்

ஸ்ரீமுஷ்ணம் வட்டார மாணவர்கள் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய களம், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. மழைநீர் அரித்த செம்மண், மஞ்சள், சாம்பல் நிறக் களிமண் மேடுகள் பாலைபோல் விரிந்து கிடக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடி. அம்மோனைட், பெலம்னைட் புதைபடிவங்களும் ஜிப்சமும் இங்கே காணக் கிடைக்கும். அருகே சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் உள்ளது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்தார்.

“கடலில் மரம் எப்படி வந்தது?” என்று மாணவர்களிடமே கேளுங்கள். நிலத்தில் வளர்ந்த மரம் நீரில் அடித்துவரப்பட்டு, வண்டலில் புதைந்து, சிலிக்கா ஊறிக் கல்லானதை அவர்கள் படிப்படியாகச் சொல்லட்டும்.

படிவங்களைப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் சான்று. இடம் மாறினால் அது வெறும் கல். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, வரைந்து, அங்கேயே விட்டுவரப் பழக்குவோம்.