இடது பக்க ஸ்டியரிங்கும் கிரீட் மலைப்பாதையும்

கேள்வி: செப்டம்பரில் மனைவி, ஆறு வயது மகள், அப்பா, அம்மாவோடு கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். அங்கே கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்ட ஆசை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு அத்துப்படி. ஆனாலும் சாலையின் வலது பக்கமாக ஓட்ட வேண்டும் என்றதும் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: எடுக்கலாம். ஆனால் ஏழு நாளைக்கும் எடுக்காதீர்கள். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவு. ஹெராக்லியோன், ரெதிம்னோ, ஹானியா ஆகிய பெரிய ஊர்கள் மூன்றும் வடகரையில் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. இவற்றுக்கிடையே கே.டி.இ.எல். பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. க்னோசோஸ் அரண்மனைக்கு ஹெராக்லியோனிலிருந்து நகரப் பேருந்திலேயே போய்விடலாம். ஊருக்குள் காரை வைத்துக்கொண்டால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஹானியாவின் பழைய துறைமுகத் தெருக்களுக்குள் எப்படியும் நடந்துதான் போக வேண்டும்.

கார் தேவைப்படுவது மேற்கிலும் தெற்கிலும். எலஃபோனிசி கடற்கரை, அஸ்கீஃபு மலைச் சமவெளி, அங்கிருந்து லிபியக் கடலைப் பார்த்து வளைந்து வளைந்து இறங்கும் ஸ்ஃபாகியா பாதை, அதற்கு அப்பால் அராதேனா பள்ளத்தாக்கின் மேல் 1986இல் கட்டிய பாலம். மரப்பலகை பாவிய அந்த இரும்புப் பாலத்தில் கார் ஏறும்போது எழும் தடதடப்பை உங்கள் மகள் ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருப்பாள். ஹானியாவில் மூன்று அல்லது நான்கு நாளுக்கு எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வலது பக்க பயத்துக்கு வருவோம். முன்னும் பின்னும் வண்டி போகிற சாலையில் தவறு நடக்காது. கூட்டமே உங்களைச் சரியான பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். தவறு நடப்பது ஆளில்லாத இடத்தில். காலையில் விடுதி வாசலிலிருந்து வண்டியை எடுக்கும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, சாப்பிட்டுவிட்டு ஒரு வெறும் சாலையில் திரும்பும்போது கை தானாக இடது பக்கம் போகும். முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அதை ஆனந்தமாகச் செய்வார்.

பெடல்களின் வரிசை மாறாது. கியரை வலது கையால் போட வேண்டும். நம் ஊர் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலது கைப் பக்கம் இருக்கும், அங்கே இடது கைப் பக்கம். முதல் நாள் திரும்பும் இடத்திலெல்லாம் வைப்பர் ஆடும், பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள்; அங்கே கியர் வண்டிகளே அதிகம். ஐந்து பேருக்குப் பெட்டிகளும் சேர்ந்தால் சின்ன கார் போதாது. மகளுக்குக் குழந்தை இருக்கையையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

வடகரை நெடுஞ்சாலையைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். பெரும்பகுதியில் நடுத்தடுப்பு கிடையாது. விபத்துக்குப் பெயர் வாங்கிய சாலை. மெதுவாகப் போகிறவர் ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி பாதி வண்டியை ஒதுக்கி, பின்னால் வருபவருக்கு வழி விடுவது அங்கே வழக்கம். சட்டப் புத்தகத்தில் இல்லாத வழக்கம் அது. ஓரம் தெளிவாகத் தெரிகிற நேர்ச்சாலையில் மட்டும் ஒதுங்குங்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் பஞ்சரான லாரி நிற்கலாம், ஆடும் நிற்கலாம். பின்னால் வருபவர் எவ்வளவு நெருக்கினாலும் நெருக்கட்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வாடகை ஒப்பந்தத்துக்குத்தான். ‘இன்சூரன்ஸ் உண்டு’ என்று சொல்வார்கள். வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் இத்தனை யூரோ உங்கள் பொறுப்பு என்று ஒரு வரம்பும் அதில் இருக்கும். அந்தத் தொகையை உங்கள் கிரெடிட் கார்டில் முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள். கார்டு ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. கூடுதலாகப் பணம் கட்டி அந்த வரம்பைப் பூஜ்யமாக்கலாம். மலைப்பக்கம் போகிறவர் அதைச் செய்வது நல்லது என்பேன். அப்போதும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, தொலைந்த சாவி ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது இவைதான். உள்ளூர் நிறுவனங்கள் சில இவற்றையும் சேர்த்தே விலை சொல்கின்றன. இணையத்தில் அடிமாட்டு விலைக்குத் தெரியும் காரைவிட அது கடைசியில் மலிவாக முடியலாம்.

சாவி வாங்கியதும் காரைச் சுற்றி வந்து கீறல், சக்கர விளிம்பு, பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுங்கள். பெட்ரோல் நிரப்பித் தருவார்கள், நிரப்பியே திருப்பிக் கொடுக்க வேண்டும். கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயிலா, யூரோவிலா’ என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் ஒரு பங்கை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அதுவே போதாதா?
- வாசகி, திருச்சி

பதில்: போதாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள சில நாடுகளின் லைசென்ஸை கிரீஸ் அப்படியே ஏற்கிறது. அந்தச் சலுகை இந்தியாவுக்கு இல்லை. இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேண்டும். அதை உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கலாம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். ‘வீட்டிலிருந்தபடியே மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று விற்கும் இணையதளங்களிடம் ஏமாற வேண்டாம். பெர்மிட்டோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் ஓட்டுவதானால் இருவருக்கும் பெர்மிட் வாங்கி, இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயரில்லாதவர் ஓட்டி இடித்தால் இன்சூரன்ஸ் கைவிடும்.

கேள்வி: பாலோஸ் கடற்கரைக்குக் காரிலேயே போய்விட முடியுமா? சமரியா பள்ளத்தாக்குக்கு?
- வாசகர், சேலம்

பதில்: பாலோஸுக்குப் போகும் கடைசிப் பகுதி மண்ணும் கல்லுமான பாதை. அங்கே வண்டிக்கு வரும் சேதத்தைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. காரை கிஸ்ஸாமோஸ் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் படகில் போங்கள். சமரியாவுக்குக் கார் உபத்திரவம். ஓமாலோஸில் இறங்கத் தொடங்கினால் 16 கிலோமீட்டர் நடந்து அகியா ருமேலியில் கடலுக்கு வருவீர்கள். அந்த ஊருக்குச் சாலையே இல்லை, கப்பலில்தான் வெளியேற வேண்டும். கார் மட்டும் மலை உச்சியில் நிற்கும்! போகவர பேருந்தே சரி.

கேள்வி: சாப்பிட்டதும் உணவகத்தில் இலவசமாக ஒரு மது தருவார்களாமே?
- வாசகர், கோவை

பதில்: ராக்கி என்பார்கள், ட்சிகூடியா என்றும் பெயர். திராட்சைச் சக்கையிலிருந்து வடிப்பது, கடுமையான சரக்கு. வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்டியரிங்கைக் காட்டுவதுபோல் கையைச் சுழற்றினால் போதும், சிரித்துக்கொண்டே உங்கள் பங்கையும் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றிவிடுவார்கள்.

கேள்வி: வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றி சாந்தோரினிக்கும் கொண்டுபோகலாமா?
- வாசகி, நெய்வேலி

பதில்: நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. பெரும்பாலும் தரமாட்டார்கள், தந்தாலும் கப்பலில் இருக்கும் நேரத்துக்கு இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். கிரீட்டில் காரை ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். அதினியோஸ் துறைமுகத்தில் இறங்கியதும் ஃபிராவுக்குப் பேருந்து கிடைக்கும்.