பிறர் பாட்டில் தன் முகம்

நுழையும்முன்
பிறர் இயற்றிய பாடலைப் பாடுவது குறையாகுமா? ஓர் இசைத்தட்டின் கதை வழியே சிந்திப்போம்.

போடிமெட்டு வழியாகச் சின்னக்கானல் மலைக்கு வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு தாலாட்டையும் தெம்மாங்கையும் உடன் கொணர்ந்தன. அவற்றை இயற்றியவர் யாரென எவரும் அறியார். எனினும், பாட்டியின் குரலில் அவை பாட்டியின் பாடல்களாகவே ஒலிக்கின்றன.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1941இல் பிறந்தவர். தாமே பாடல் இயற்றிப் பாடிப் பெரும்புகழ் பெற்றவர். 1970ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவருடைய ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்னும் இரட்டை இசைத்தட்டு வெளிவந்தது. ‘தன்னுருவ ஓவியம்’ என்பது அதன் பொருள். அட்டை ஓவியத்தையும் அவரே தீட்டினார். ஆனால், அதிலிருந்த 24 பாடல்களுள் பெரும்பாலானவை நாட்டுப்புறப் பாடல்களும் பால் சைமன், கார்டன் லைட்ஃபுட் முதலிய பிறர் இயற்றியவையுமே ஆகும். முதற்பாடலில் அவர் குரலே இல்லை, பெண்குரல்களே ஒலித்தன.

புதுப்பாடல்களை எதிர்பார்த்தோர் ஏமாற்றமுற்றனர். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் திறனாய்வாளர் கிரெய்ல் மார்கஸ் அதனைக் கடுமையாகச் சாடினார்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கடந்தன. 2013இல், அக்காலப் பதிவுகள் ‘அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்னும் தொகுப்பாக வெளிவந்தன. பின்னர்ச் சேர்க்கப்பட்ட இசைக்கருவிகளும் துணைக்குரல்களும் நீக்கப்பட்டு, ‘பெல் ஐல்’ போன்ற நாட்டுப்புறப் பாடல்கள் எளிய வடிவில் ஒலித்தன. அவற்றைக் கேட்டோர் பலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். அத்தொகுப்பிற்குக் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? அன்று சாடிய அதே மார்கஸ்!

பழைய இசைத்தட்டில் குறையே இல்லை என்பது இதன் பொருளன்று. ஒட்டாத பாடல்களும் அதில் உண்டு. ஆயினும், தலைப்பின் பொருள் இப்போது விளங்குகிறது. ஒருவர் இயற்றிய பாடல்கள் மட்டுமல்ல, அவர் கேட்டு வளர்ந்த பாடல்களும் அவரை உருவாக்குகின்றன. 2016இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற டிலனும் பழம்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவரே.

தேயிலைக் காட்டில் கேட்கும் தெம்மாங்கும் அத்தகையதே. அதனைப் பாடும் சிறுமி இரவல் குரலில் பாடவில்லை; தன் முகத்தையே வரைகிறாள்.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
திறனாய்வாளர் – நிறைகுறைகளை ஆராய்பவர்
சாடுதல் – கடிந்துரைத்தல்

வினாக்கள்
1. 1970இல் வெளிவந்த இசைத்தட்டு ஏன் வரவேற்புப் பெறவில்லை?
2. 2013இல் பலரது கருத்து மாறியதற்குக் காரணம் யாது?
3. உம் வீட்டுப் பெரியோர் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு எழுதுக. அவர் அதனை யாரிடம் கற்றார் என்பதையும் குறிப்பிடுக.