சாரல் முடிந்த பிறகும் நெல்லைக்கு வரலாம்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

“குற்றாலத்தில் சீசன் விழுந்தால்தான் நெல்லைப் பக்கம் போகணும்.”

வெளியூரில் வேலை பார்க்கும் நம்மாட்களே இப்படித்தான் நினைக்கிறார்கள். சீசன் பொய்யில்லை. ஜூனில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைத் தள்ளிவிட, ஆகஸ்ட் வரை ஊர் குளிர்ந்து கிடக்கும். ஆனால் அந்த மாதங்களின் சனி, ஞாயிறுகளில் அருவிக்கடியில் தலையை நீட்டவே முண்டியடிக்க வேண்டும். ஓய்வெடுக்க வந்தவர் களைத்துத்தான் திரும்புவார்.

குற்றாலத்தில் விழுவது சிற்றாற்றுத் தண்ணீர். 2019 முதல் ஊரும் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. நெல்லையில் ஓடும் தாமிரபரணியின் கணக்கு வேறு. பொதிகையில் பிறந்து, இரண்டு பருவமழையும் வாங்கி, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு அது. மேலே 143 அடி பாபநாசம் அணை நீரைத் தேக்கித் தருவதால், அகத்தியர் அருவியில் குற்றாலம் வற்றிய மாதங்களிலும் குளிக்கலாம்.

என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான் நல்ல காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் பிசான நெல் நிற்கும். கூந்தன்குளத்தில் தண்ணீர் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து இறங்கியிருக்கும். ஊருக்குள் வீட்டுப் புறக்கடை மரத்திலேயே கூடு கட்டும். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று சனங்களும் விரட்டுவதில்லை. 2022-இல் அந்தக் குளம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

“கீழே வெயிலடிக்கிறது, அருவியில் என்ன பயம்?”

பயப்பட வேண்டியது அப்போதுதான். மழை பெய்வது மலைமேல்; நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சீசன்கூட இல்லை. குற்றாலம் பேரருவியில் நாம் நிற்க முடிவதே, தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்து வருவதால்தான். பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. போலீஸ்காரர் விசிலடித்தால், “இன்னும் ரெண்டு நிமிஷம் சார்” என்று பேரம் பேசாதீர்கள்.

ஆற்றிலும் அப்படியே. முழங்கால் அளவுதானே என்று நடந்தால் அடுத்த அடியில் கசம், அதாவது ஆழக்குழி, இருக்கும். எங்கே கசம், எங்கே பாறை என்பது கரையில் துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். இறங்குமுன் கேளுங்கள்.

“ரெண்டு நாள் போதும், எல்லாம் பார்த்துவிடலாம்.”

நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பதையும் காலை கிளம்பி மாலைக்குள் முடித்தேன் என்று பெருமை பேசுவோர் உண்டு. இரட்டைத் திருப்பதியில் இரண்டு கோயில் அடுத்தடுத்து இருப்பது அவர்களுக்கு வசதி. மதியம் நடை சாத்துவது வசதியில்லை. ஆழ்வார்திருநகரி ஒன்றுக்கே போங்கள். நம்மாழ்வாரின் புளியமரத்தடியில் அரைமணி உட்காருங்கள். அதற்குப் பெயர்தான் விடுமுறை.

மாஞ்சோலைக்கு நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு போவதும் நடக்காது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கத் திட்டம் போடாதீர்கள்.

இருட்டுக்கடை அல்வா? கடை சாயங்காலம்தான் திறக்கும். காலையில் போய் நிற்காதீர்கள்.

“பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும்.”

இதை மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். விட்ட துணி எங்கும் போய்விடாது. படித்துறைக் கல்லில் சுற்றி, மணலில் புதைந்து, அடுத்தவர் காலில் சிக்கும். ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், தீரவில்லை. இதே தண்ணீரைத்தான் கீழே நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. கையோடு ஒரு பை கொண்டுபோங்கள். ஈரத்துணியை அதில் போட்டு வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.