நூல் தேடுவோர்க்கு ஆழ்வார்திருநகரி

தாமிரபரணியின் தென்கரையில் நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கு வருவோருட் பெரும்பாலோர், ஆதிநாதரைச் சேவித்து, உறங்காப்புளியை வலம்வந்து, நவதிருப்பதிகளில் அடுத்ததை நோக்கி விரைந்துவிடுகின்றனர். இழந்த நூல்களைத் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்பாத ஊர் என்னும் பெருமையும் இவ்வூருக்கு உண்டு. மறைந்துபோன நாலாயிரத்தை மீட்க நாதமுனிகள் இங்கு வந்ததாகக் குருபரம்பரை கூறும். பத்துப்பாட்டின் நல்ல பிரதியை நாடி உ. வே. சாமிநாதையர் வந்ததும் இங்கேதான். ஆதலின் சரித்திரம், சட்டம், கிறிஸ்தவ சிந்தனை எனும் வெவ்வேறு துறைகளின் நூல்களை, அவை பிறந்த மண்ணிலேயே கண்டறிய விரும்பும் அன்பர்கள் தங்கள் பிரயாணத்தை இவ்வூரில் தொடங்குவது மிகவும் பொருத்தமாகும். மூன்று நாட்கள் இருந்தால் போதும்.

போகும் வழி

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் பாதையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த நிலையம் ஆழ்வார்திருநகரி. அதே சாலையில் பஸ்களும் உண்டு. தங்குவதற்குத் திருநெல்வேலியே வசதி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையைத் தவிர்த்து, தை, மாசியில் வருவது நலம். வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் எழுந்தருளும் சேவை கண்கொள்ளாக் காட்சியே எனினும், அந்த ஜனத்திரளில் நூலாராய்ச்சிக்கு அவகாசம் கிட்டாது.

முதல் நாள்: சரித்திரம்

உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்களாதலால், காலையிலேயே சந்நிதிக்குச் சென்றுவிடுங்கள். பின்னர் வீதியில் ஓரிடத்தில் அமர்ந்து, ஐயரவர்களின் ‘என் சரித்திர’த்தில் இவ்வூரைப் பற்றிய பகுதியை எடுத்துப் படியுங்கள். இவ்வூர் லக்ஷ்மண கவிராயர் வீட்டுச் சுவடிகளையெல்லாம் துருவிப் பார்த்தும் தேடியது கிட்டாமல் அவர் மனம் சோர்ந்ததும், சில ஏடுகள் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிற்குப் போயிருப்பது லக்ஷ்மண கவிராயருக்கு நினைவு வந்ததும், உத்ஸவத்தில் எழுந்தருளிய ஆழ்வாரை ஐயர் உள்ளமுருகிப் பிரார்த்தித்ததும், அன்றிரவே அந்த ஏடுகள் கைக்கு வந்து சேர்ந்ததும், நீங்கள் இருக்கும் இந்த ஊரில் நடந்தவை. சமணக் காப்பியமாகிய சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த ஒரு சைவர், வைணவத் திருப்பதியொன்றில் ஆழ்வாரை வேண்டிப் பெற்ற ஏடுகளின் துணையோடு, 1889இல் பத்துப்பாட்டை வெளியிட்டார் என்பது, நூலைத் தேடுவோன் எத்தகைய மனத்தோடு தேட வேண்டும் என்பதற்குச் சிறந்த பாடமாகும்.

எங்கேனும் ஓர் ஓலைச்சுவடியைக் காணும் வாய்ப்புக் கிட்டினால் உற்றுப் பாருங்கள். மெய்யெழுத்துகளின்மேல் புள்ளி இராது; எகர ஒகரங்களில் குறில் நெடில் வேற்றுமை தோன்றாது; செய்யுளும் உரையும் அடி பிரியாமல் ஓலையின் ஓரம் வரை ஓடிக்கொண்டிருக்கும். இன்று நாம் சீர் பிரித்து எளிதாகப் படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதிப்பாசிரியர் பட்ட பாடு எவ்வளவென்பது அப்போது விளங்கும்.

பிற்பகலில், அருகிலுள்ள ஆதிச்சநல்லூருக்குச் செல்லுங்கள். அகழ்ந்த இடத்திலேயே முதுமக்கள் தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே காணுமாறு அமைத்திருக்கின்றனர். அங்கே கிடைத்த பொருள்களைப் பற்றி அலெக்ஸாண்டர் ரீ தயாரித்து 1915இல் வெளியான விவரப் பட்டியலும், கால்டுவெல் ஆயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமும், பேட் என்பவர் தொகுத்த 1917ஆம் ஆண்டு மாவட்ட விவரச் சுவடியும் இப்பகுதிக்கு ஆதாரமான ஆங்கில நூல்கள். கால்டுவெல்லின் சரித்திரம் ஆதிகாலம் தொட்டு, 1801இல் இந்நாடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது வரை விரிகின்றது. பாளையக்காரர் போர்களை அறிய விரும்புவோர் அதனை விடலாகாது.

இரண்டாம் நாள்: சட்டம்

திருநெல்வேலிக்கு வடக்கே, சங்கரன்கோவில் சாலையிலுள்ள மானூருக்குக் காலையிற் புறப்படுங்கள். அங்குள்ள சிவாலயத்தின் பாண்டியர் சாசனம், ஏறக்குறைய ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன், ஊர்ச் சபையின் அங்கத்தினர்க்கு என்ன யோக்யதை வேண்டுமென்று விதிக்கின்றது: ஊரில் நிலப்பங்கு உடையவராக, ஒரு தர்மத்தையேனும் ஓதியுணர்ந்தவராக, நன்னடத்தை உடையவராக இருத்தல் வேண்டும். சபையில் எந்தக் காரியம் எழுந்தாலும் மறுத்து மறுத்தே பேசித் தடுப்பவர்க்கு ஐந்து காசு தண்டம் என்பதும் அதிற் கண்ட விதி. எழுத்து வட்டெழுத்தாதலால், அச்சிட்ட வாசகத்தை முன்பே படித்துக்கொண்டு செல்வது உத்தமம்.

ஊர்ச் சபையின் தர்மத்திலிருந்து ஆங்கிலேயர் நீதிமன்றத்திற்கு வந்தால், இரு நூலாசிரியர்கள் நினைவுக்கு வருவர். ஓட்டப்பிடாரத்து வக்கீலாகிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது இத்திருநெல்வேலியில்தான். சிறையினின்று மீண்டபின் அவர் பதிப்பித்த திருக்குறள் மணக்குடவர் உரையும், செய்யுளாக அவர் எழுதிய தம் வரலாறும் தேடிப் படிக்கத் தக்கவை. மற்றவர், வேறு நாட்டினராயினும் இங்கு எண்ணத்தக்க மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்க கிறிஸ்தவராகவும் முன்சீப்பாகவும் விளங்கிய அவர், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே அடைபட்டுக் கிடப்பது ஜனங்களுக்கு அநீதி என்று உணர்ந்து, அவற்றைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். அவரது சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இந்நூலோடு சேர்த்துப் பார்ப்போர்க்கு, நீதியும் பக்தியும் ஒரே உள்ளத்திலிருந்து ஊறியமை தெளிவாகும்.

மாலையில் திருநெல்வேலி நகரத்துப் புத்தகக் கடைகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1920இல் தோன்றிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இவ்வூர்ப் பெயரைத் தாங்கியே தமிழுலகெங்கும் நூல்களை அனுப்பியது.

மூன்றாம் நாள்: கிறிஸ்தவ சிந்தனை

ஆழ்வார்திருநகரியில் ரயிலேறினால் அடுத்த நிலையம் நாசரேத். திருவாய்மொழி பிறந்த ஊரையும் கிறிஸ்தவத் திருப்பெயர் தாங்கிய ஊரையும் சில நிமிஷங்களே பிரிக்கின்றன. இவ்விரண்டின் இலக்கியமும் அவ்வளவே அணுக்கமானது. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்த எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை, ஞானஸ்நானம் பெற்றபின், ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிக’த்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறிய நாவே கிறிஸ்துவைப் பாடிற்று என்பது அந்நூலின் எப்பக்கத்தைப் புரட்டினும் புலனாகும்.

நாசரேத்திலிருந்து, ஜி. யு. போப் இளமையில் தொண்டாற்றிய சாயர்புரத்திற்கும், ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கும் செல்லலாம். புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் பதினாறு பக்கங்களாக அச்சேறியது. 1586இல் அவருடைய ‘அடியார் வரலாறு’ வெளிவந்தது. மேலும் ஒரு நாள் உள்ளவர்கள், 1841 முதல் கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடிக்குச் சென்று, அவர் இல்லத்தையும், அவர் எழுப்பி அங்கேயே அடக்கமும் செய்யப்பெற்ற திருக்கோயிலையும் கண்டு வருக.

கையாளும் முறை

புறப்படும் முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இப்பழம் பதிப்புகளுள் கிடைப்பவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய நூலையோ ஏட்டையோ ஒருவர் காட்ட முன்வந்தால், உலர்ந்த கையோடு தொடுங்கள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். வளைந்த ஓலையை நிமிர்த்த முயலாதீர்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

நூல்களை எந்த வரிசையில் படிப்பதென்று கேட்பீர்களாயின், நீங்கள் பிறந்து வளர்ந்த மரபுக்கு அப்பாலுள்ள நூலையே முதலில் எடுங்கள். வைணவர் இரட்சணிய யாத்திரிகத்தையும், கிறிஸ்தவர் திருவாய்மொழியையும், வக்கீல்கள் மானூர்ச் சாசனத்தையும், தமிழ் வித்துவான்கள் சித்தாந்த சங்கிரகத்தையும் தொடங்கட்டும். இந்த ஆற்றங்கரையில் நூல் செய்தவர்களும் நூல் காத்தவர்களும் அவ்வாறே பிறர் மரபின் செல்வத்தைத் தம்முடையதாகக் கொண்டு வாழ்ந்தனர். அவர்கள் நூல்களைத் தேடி வரும் நாமும் அவ்வழியே நடப்பதுதான் முறை.