உள்ளிருந்து காக்கும் படலம்

நம் இரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதையும் ஒரு மெல்லிய படலம் மூடியுள்ளது. ஒரே ஓர் உயிரணுவின் தடிப்பே கொண்ட இதனை எண்டோதீலியம் என்பர். நெடுங்காலமாக இது வெறும் உறை என்றே கருதப்பட்டது.

1980ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் இராபர்ட் ஃபர்ச்காட் இக்கருத்தை மாற்றினார். முயலின் இரத்தக் குழாய்த் துண்டுகளைத் தளர்த்த வேண்டிய ஒரு வேதிப்பொருள், சில துண்டுகளைத் தளர்த்தவில்லை. ஆராய்ந்தபோது, அத்துண்டுகளின் உட்படலம் தவறுதலாக உரசப்பட்டு அழிந்திருந்தது தெரியவந்தது. படலம் சிதையாத துண்டுகளோ தளர்ந்தன. குழாயைத் தளரச் செய்யும் ஆணை இப்படலத்திலிருந்தே பிறக்கிறது என்பது தெளிவாயிற்று. அவ்வாணையைக் கொண்டு செல்வது நைட்ரிக் ஆக்சைடு எனும் வாயு என்று பின்னர் உறுதியானது. 1998இல் ஃபர்ச்காட் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குழாய்க்குள் இரத்தம் தேவையின்றி உறையாமல் காப்பதிலும் இப்படலத்திற்குப் பெரும் பங்கு உண்டு. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இதனைச் சிதைக்கின்றன. சிதைந்த இடத்தில் கொழுப்பு படிந்து குழாய் குறுகுகிறது; அதுவே மாரடைப்புக்கு வித்தாகிறது. தொடக்கத்தில் இச்சிதைவு வலிப்பதில்லை. ஆகவே, வலி வரும்வரை காத்திராமல், இளமையிலேயே நற்பழக்கங்களைக் கைக்கொள்வோம்.