கடைக்குப் போனால் சம்பளமா?

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்தை ஒட்டினாற்போல் பாலையூற்று என்றொரு ஊர் இருக்கிறது. மலைநாட்டுத் தோட்டமொன்றைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி அங்கே சித்தி வீட்டில் தங்கி, பட்டினத்துப் புடவைக் கடையொன்றில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் இரவு அவள் தாய்க்குப் போன் எடுக்கிறாள்.

"அம்மா, போன்ல ஒரு வேலை வந்திருக்கு. பெரிய கடைகளுக்குப் போயி சாமான் வாங்கணுமாம். அங்க எப்படிக் கவனிக்கிறாங்கன்னு எழுதிக் குடுத்தா சம்பளமாம். பதியிறதுக்கு மட்டும் அஞ்சாயிரம் கட்டணும்."

"கடைக்குப் போனா நம்ம காசுதானே புள்ள போகும்? போனதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

இவ்விருவரில் யார் சொல்வது சரி? அப்படியொரு வேலை உலகத்தில் உண்டு. அந்த மட்டில் மகள் சொல்வது சரி. ஆனால் தாய்க்கு வந்த சந்தேகமும் சரியானதே. 2024இல் விதிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் ஐயாயிரம் ரூபா ஏறக்குறைய நாலு நாள் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று எடுத்த காசு. அதைக் கட்டுவதற்கு முன் இந்த வேலை எப்படிப்பட்டது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போகும் கதையைக் கேட்காதவர்கள் நம்மில் இல்லை. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இந்த வேலையும் ஏறக்குறைய அதுதான். அமெரிக்காவில் 1850களில் பிங்கர்டன் என்ற துப்பறியும் கம்பனி, ரயில்களில் தன் ஆட்களைப் பிரயாணிகள் போல ஏற்றி, கண்டக்டர்மார் டிக்கட் காசை ஒழுங்காகக் கணக்கில் போடுகிறார்களா என்று பார்த்தது. 1940களில் வில்மார்க் என்ற இன்னொரு கம்பனி கடைகளிலும் வங்கிகளிலும் இப்படிப் பரிசோதனை செய்தது. 'மிஸ்டரி ஷொப்பிங்' என்ற பெயர் அதனால்தான் வழக்கத்துக்கு வந்தது என்பார்கள். நாம் 'மாறுவேட வாடிக்கையாளர்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது வங்கி, சுப்பர்மார்க்கட், ஹோட்டல், பெற்றோல் செட், டெலிபோன் கம்பனி போன்றவை தங்கள் கிளைகளில் வேலை எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புகின்றன. துரை வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டோரும் மலையும் எப்படித் துப்புரவாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா? கடைகளும் அப்படித்தான். ஆகவே யாரென்று தெரியாத ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் சந்தை ஆய்வுக் கம்பனிகள் ஏற்று நடத்துகின்றன. அவை ஆட்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுக்கும். எந்தக் கிளைக்கு, எந்த நாளில் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வரிசையில் எத்தனை நிமிடம் நின்றோம், காசாளர் பில் கொடுத்தாரா, மிச்சக் காசு சரியா, மலசலகூடம் சுத்தமா, கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்ததா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அன்றைக்கே எழுதிவிட வேண்டும், பில்லையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாங்கிய சாமானுக்கான காசும் ஒரு சிறு கூலியும் பிறகு வரும், சில வேளை பல வாரம் கழித்து.

இது மாதச் சம்பள வேலை அல்ல. ஒரு கடைக்கு ஒரு கூலி, அவ்வளவே. ஈ.பி.எப்., ஈ.டி.எப். கிடையாது. ஒரு மாதம் நாலு கடை கிடைக்கும், அடுத்த மாதம் ஒன்றும் கிடைக்காது. கிளைகள் நெருக்கமாக உள்ள பட்டினத்தில் இருப்பவருக்குத்தான் பஸ் காசாவது மிஞ்சும். 'வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்' என்று யாராவது சொன்னால், அவர் சொல்வது இந்த வேலையை அல்ல.

இந்த வேலையால் சில நல்ல காரியங்களும் நடந்திருக்கின்றன. இந்தியாவில் மூன்று ஆய்வாளர்கள் ஆயுள் காப்புறுதி முகவர்களிடம் வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவருக்குப் பொருத்தமில்லாத, தங்களுக்குக் கூடிய கமிஷன் தரும் திட்டத்தையே பெரும்பாலான முகவர்கள் சிபாரிசு செய்தார்கள் என்று 2017இல் வெளியான அவர்களுடைய கட்டுரை காட்டியது. லயத்துக்கு வரும் முகவரிடம் கையெழுத்து வைப்பதற்கு முன் இதையும் ஞாபகத்தில் வைத்திருக்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. கொழும்பிலும் கண்டியிலும் திருகோணமலையிலும் கடை மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் நம்முடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலை தொடங்கி இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பிள்ளை சிரிக்கவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்தால், அது அவளுடைய வேலைக்கே வினையாகலாம். ஆகவே இந்த வேலைக்குப் போகிறவர் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'அவள் மரியாதை இல்லாதவள்' என்று எழுதுவது அபிப்பிராயம். 'மூன்று பேர் வரிசையில் நின்றார்கள், ஒரு காசாளர்தான் இருந்தார், ஏழு நிமிடம் சென்றது' என்பது தகவல். தகவலை வாசிக்கும் முதலாளிக்குப் பிழை பிள்ளையிடம் இல்லை, ஆள் பற்றாக்குறைதான் என்று விளங்கவும் கூடும்.

இனி ஏமாற்றுக்கு வருவோம். இந்த வேலையின் பெயரில் நடக்கும் மோசடி பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழுவும், நமது சொந்தக்காரர் பலர் வாழும் கனடாவின் மோசடித் தடுப்பு நிலையமும் மக்களை எச்சரித்திருக்கின்றன. அங்கே நடக்கும் வழி இது: வேலை கேட்டவருக்குத் தபாலில் ஒரு பெரிய காசோலை வரும். 'இதை உன் கணக்கில் போடு, உன் கூலியை எடுத்துக்கொள், மீதியைக் காசு அனுப்பும் கடையால் இன்னாருக்கு அனுப்பு, அந்தக் கடையின் சேவை எப்படியென்று எழுது' என்பார்கள். எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்! காசு அனுப்புவதையே பரிசோதனை என்று சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று வங்கி திருப்பி அனுப்பும். அனுப்பிய காசு போனது போனதுதான். வங்கிக்குக் கட்ட வேண்டியவர் ஏமாந்தவரே.

நமது நாட்டில் காசோலை வராது, வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்திதான் வரும். முதலில் படத்துக்கு லைக் போடச் சொல்லி, அல்லது ஒரு ஹோட்டலைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்லி, ஐந்நூறோ ஆயிரமோ உண்மையிலேயே அனுப்புவார்கள். 'பார்த்தாயா அம்மா, காசு வந்திருச்சி' என்று பிள்ளை நம்பிவிடும். அடுத்து 'பெரிய வேலை வேண்டுமென்றால் பத்தாயிரம் வைப்புச் செய்' என்பார்கள். பிறகு ஐம்பதாயிரம். போட்டதைத் திரும்ப எடுக்க இன்னும் போட வேண்டும் என்பார்கள். நகையை அடகு வைக்கும் கட்டத்தில்தான் பல வீடுகளில் விஷயம் வெளியே வரும்.

இதைவிட ஆபத்தான ஒன்று, வங்கிக் கணக்கைக் கேட்பது. 'உன் கணக்குக்குக் காசு வரும், அதை மாற்றி அனுப்பினால் கமிஷன்' என்றால், அது வேறு யாரிடமோ ஏமாற்றி எடுத்த காசாக இருக்கும். பொலிஸ் தேடி வருவது கணக்குச் சொந்தக்காரரை. ஏ.டி.எம். கார்ட்டையோ, போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையோ, அடையாள அட்டைப் படத்தையோ முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பிறகு பொலிசுக்குப் போங்கள். வெட்கப்பட்டு மூடி மறைத்தால் களவாணிக்குத்தான் நேரம் கிடைக்கும்.

ஆகவே பாலையூற்றுப் பிள்ளை என்ன செய்யலாம்? ஐயாயிரம் கட்டக் கூடாது. வேலை தருகிறவர் வேலையாளிடம் காசு வாங்குவதில்லை. மாறுவேட வாடிக்கையாளரைத் தேடும் உண்மையான கம்பனியும் பதிவுக்குக் காசு கேட்காது. கம்பனியின் பெயர், அலுவலக முகவரி, நிலையான டெலிபோன் இலக்கம் என்பவற்றைக் கேட்கட்டும். எந்தக் கடையைப் பரிசோதிக்கச் சொல்கிறார்களோ அந்தக் கடையின் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டு, இப்படியொரு கம்பனியிடம் வேலை கொடுத்திருக்கிறீர்களா என்று விசாரிக்கலாம். பதில் சொல்லாமல் 'இன்றைக்கே கட்டினால்தான் இடம்' என்று அவசரப்படுத்தினால், அங்கேயே விட்டுவிடலாம்.

அரசாங்கத்துக்காகவும் இதே வேலை நடக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகள் சாதாரண ஆட்கள் போலக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிப் பிழை பிடிக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு 230 ரூபா என்றும், 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 70 ரூபா என்றும் ஆகக்கூடிய விலை விதிக்கப்பட்டது. இப்படி விதித்த விலையை மீறி விற்றால், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனியாள் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாவிலிருந்தும், கம்பனிக்கு ஐந்து லட்சம் ரூபாவிலிருந்தும் தண்டப்பணம். விலைகள் மாறும்; வாங்கும் நாளில் எது அமுலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நமக்குக் கூலி கிடையாது. ஆனால் சம்பள நாளில் நாம் போகும் கடையில் இந்தக் கண்ணைத் திறந்து வைத்தால், கிலோவுக்கு இருபது முப்பது என்று போகிற காசு மிஞ்சும்.

அடுத்த சம்பள நாளில் இப்படிச் செய்து பாருங்கள். படிக்கிற பிள்ளையை ஒரு கொப்பியோடு கூட்டிக்கொண்டு போங்கள். விலைப் பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி தொங்குகிறதா? தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா? பொதியில் அச்சிட்ட விலையும் வாங்கிய விலையும் ஒன்றா, காலாவதித் திகதி என்ன? பில் கேளுங்கள், கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம். கடன் கொப்பியில் வாங்குபவர்கள் கடைக்காரர் எழுதும் தொகையை அன்றைக்கே தங்கள் கொப்பியிலும் எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிழை இருந்தால் முதலில் கடைக்காரரிடம் அமைதியாகக் கேளுங்கள், கணக்குத் தவறுவது யாருக்கும் நடக்கும். அவர் திருத்தாவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லின் மை வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் மங்கிவிடும். அதனால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லை அடுப்பங்கரையில் வைக்காமல் வேறெங்காவது மூன்று மாதம் பத்திரப்படுத்துங்கள்.